வைஃபை வரவில்லை, டிரைவர் எங்கே இறக்குவது?

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேராவது முதல் நாளே இதைக் கேட்டுவிடுகிறார்கள். டிரைவர் என்றால் ஒரு சாதனத்தை இயக்கும் நிரல். கேள்வியில் குறை சொல்ல முடியாது. விண்டோஸில் பழகிய கை அப்படித்தான் போகும். லேப்டாப் கம்பெனியின் தளத்தைத் திறந்து, மாடல் எண்ணைக் கொடுத்து, வரிசையாக வரும் கோப்புகளில் 'நெட்வொர்க்' என்று போட்டதை இறக்கி, இரண்டு தட்டு தட்டி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. அதே பழக்கத்தோடு லினக்ஸுக்குத் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. கிடைத்தால் அதைவிட மோசம். என்றோ யாரோ போட்டு வைத்த சுருக்கிய கோப்பு ஒன்று வரும். அதைப் பிரித்து, கம்பைல் செய்ய, அதாவது ஓடும் நிரலாக மாற்றப் பார்த்து, திரை நிறையப் பிழைகளை வாங்கிக்கொண்டு, இது நமக்கு ஒத்துவராது என்று மூடி வைத்துவிடுவார்கள்.

நான் நிபுணன் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ஒரு வரிகூட எழுதியதில்லை. சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு, அது முரண்டு பிடித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியதிலும், தெரிந்தவர்கள் கொண்டுவந்து நீட்டிய லேப்டாப்களைப் பார்த்ததிலும் புரிந்ததை எழுதுகிறேன். புரிந்தது இதுதான்: டிரைவர் அநேகமாக ஏற்கெனவே உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. அதை எங்கிருந்து இறக்குவது என்று தேடுவதைவிட, இருக்கிற டிரைவர் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1991 ஆகஸ்டில் லினஸ் டொர்வால்ட்ஸ் தன் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி முதன்முதலாக வெளியே சொன்னபோது, ஏடி ரக ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதிலும் இது ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், என்னிடம் இருப்பது அது மட்டும்தான் என்ற பொருளில் எழுதியிருந்தார். இன்று அதே கர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட், யுஎஸ்பி என்று எல்லாவற்றுக்குமான நிரல்களும் கர்னலோடு சேர்ந்தே வெளியாகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏறி உட்கார்வதில்லை. மாட்யூல் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் கிடக்கும். அதற்கான சாதனம் கண்ணில் பட்டால் மட்டும் ஏற்றப்படும்.

எந்தச் சாதனத்துக்கு எந்த மாட்யூல் என்று எப்படித் தெரியும்? லேப்டாப்புக்குள் பிசிஐ என்ற உள் இணைப்பிலோ யுஎஸ்பியிலோ இருக்கும் ஒவ்வொரு சாதனமும் இரண்டு எண்களைச் சொல்லும். முதலாவது தயாரித்த கம்பெனிக்கு, இரண்டாவது அந்தச் சாதனத்துக்கு. கம்பெனி எண்களில் இன்டெல்லுடையது 8086. அவர்களுடைய பழைய புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே எண்ணாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டியின் கிராபிக்ஸ் சில்லுகள் 1002 என்று சொல்லும். அது ஏடிஐ கம்பெனியின் எண்; 2006 இல் ஏடிஐயை ஏஎம்டி வாங்கிய பிறகும் எண் மாறவில்லை. ஒவ்வொரு மாட்யூலும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைச் சுமந்துகொண்டிருக்கும். சாதனம் சொல்லும் எண் அந்தப் பட்டியலில் இருந்தால் மாட்யூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. அட்டையில் அச்சடித்த மாடல் பெயருக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஒரே மாடல் பெயரில் வந்த இரண்டு லேப்டாப்களுக்குள் வெவ்வேறு கம்பெனி வைஃபை கார்டு இருப்பது சாதாரணம். அதனால் மாடல் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்கும் பதில் உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

ஆகவே முதலில் எண்ணைப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைக் கொடுத்து, கூடவே ஒரு சிறுகோடு போட்டு என், என், கே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால், ஒவ்வொரு சாதனத்தின் பெயரும் சதுர அடைப்புக்குள் அதன் எண்ணும் வரும். கீழே இரண்டு வரிகள் கவனிக்க வேண்டியவை. 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி, இந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் டிரைவர் வட்டில் இருக்கிறது என்று சொல்கிறது. 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி, அது இப்போது உண்மையிலேயே வேலையில் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டும் இருந்தால் ஒரு கதை, இரண்டும் இல்லாவிட்டால் வேறு கதை. முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமல் போனால், டிரைவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு ஏதோ காரணத்தால் விலகியிருக்கிறது என்று அர்த்தம். புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். புளூடூத்தை இந்தப் பட்டியலில் தேடிவிட்டு, என் லேப்டாப்பில் புளூடூத்தே இல்லையாம் என்று பயப்படுபவர்கள் உண்டு. வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான கார்டுகளில் வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் இணைந்திருக்கும். அதைப் பார்க்க எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை. கேமராவும் அநேகமாக அங்கேதான் தெரியும்.

சாதனமே எந்தப் பட்டியலிலும் வரவில்லை என்றால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விண்டோஸும் பக்கத்திலேயே இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக மூடுவதில்லை, அரைத்தூக்கத்தில் போகிறது. அந்த நிலையில் வைஃபை கார்டு சில லேப்டாப்களில் லினக்ஸுக்குப் பிடிகொடுக்காது. விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வந்து பாருங்கள். சரியானால் அந்த அமைப்பை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

சாதனம் தெரிகிறது, இரண்டு வரிகளும் இல்லை என்றால், சாதனம் புதிது, கர்னல் பழையது என்பதே பெரும்பாலும் காரணம். நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளில் இது நடக்கும். பலரும் போடும் லினக்ஸ் வகையான உபுண்டுவில், 22.04 முதலில் வந்தபோது அதில் இருந்தது 5.15 கர்னல், 24.04 உடன் வந்தது 6.8. நேற்று கடைக்கு வந்த லேப்டாப்பில் பழைய பதிப்பைப் போட்டால், அந்தச் சில்லு பிறப்பதற்கு முன்பு எழுதப்பட்ட பட்டியலில் அதன் எண் எப்படி இருக்கும்? டிரைவரைத் தனியாகத் தேடி அலையாமல் கர்னலைப் புதுப்பியுங்கள். உபுண்டு இதற்காகவே பழைய பதிப்புக்கும் புதிய கர்னலைத் தரும் எச்டபிள்யூஇ என்ற வழியை வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால், புதிய பதிப்பு ஒன்றை பென் டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் சிக்கல் தீர்ந்த மாதிரிதான். எந்த லேப்டாப்பிலும் லினக்ஸ் போடுவதற்கு முன்பு இதைச் செய்வது நல்லது. அந்தச் சோதனையில் வைஃபை, சவுண்டு, திரை வெளிச்சம், லேப்டாப்பை மூடித் திறப்பது என நான்கையும் பார்த்துவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இனி, டிரைவர் எட்டிப்பார்த்துவிட்டு விலகிய விவகாரம். என் சொந்த லேப்டாப்பில் நடந்தது இதுதான். மாட்யூல் பெயர் இருந்தது, 'இன் யூஸ்' வரி இல்லை. கர்னல் என்ன சொன்னது என்று பார்க்க டிமெசேஜ் என்று எல்லோரும் அழைக்கும் கட்டளையை (தட்டும்போது டி, எம், இ, எஸ், ஜி), நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு ஓட்டினேன். லேப்டாப் பூட் ஆனதிலிருந்து கர்னல் எழுதி வைத்த குறிப்புகள் ஆயிரக்கணக்கான வரிகளாக ஓடின. அவ்வளவையும் படிக்க வேண்டியதில்லை. மாட்யூலின் பெயரைப் போட்டு கிரெப் மூலம் வடிகட்டினால் நாலைந்து வரிகள்தான். ஒரு ஃபர்ம்வேர் கோப்பை டிரைவர் கேட்டதாகவும், அது 'ஃபெயில்டு வித் எரர் -2' என்று முடிந்ததாகவும் அதில் இருந்தது. மைனஸ் இரண்டு என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். டிரைவர் சரியாகவே இருந்தது. அது கேட்ட கோப்பு வட்டில் இல்லை.

ஃபர்ம்வேர் என்பது டிரைவர் அல்ல. டிரைவர் உங்கள் பிராசசரில் ஓடுகிறது. ஃபர்ம்வேர் வைஃபை சில்லுக்குள்ளேயே இருக்கும் குட்டிப் பிராசசரில் ஓடுகிறது. பழைய சாதனங்களில் அது சில்லிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். இப்போது பெரும்பாலான வைஃபை சில்லுகளில் அந்த நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துச் சில்லுக்குள் ஊற்ற வேண்டும். டிரைவரின் மூலநிரல் திறந்திருக்கும், ஃபர்ம்வேரின் மூலநிரலைக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை. பகிர்ந்துகொள்ள அனுமதி மட்டும் தருவார்கள். அந்தக் கோப்புகளையெல்லாம் 'லினக்ஸ் ஃபர்ம்வேர்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் மட்டுமே தருவோம் என்று கொள்கை வைத்திருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு இது பல வருடச் சங்கடம். அதிகாரபூர்வ நிறுவியில் மூடிய ஃபர்ம்வேர் கிடையாது. அது வேண்டுமென்றால் வேறு மூலையில் கிடந்த அதிகாரபூர்வமற்ற ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவிக் கோப்பைத் தேடிப் போக வேண்டும். புதியவர்களுக்கு அந்த மூலை இருப்பதே தெரியாது. நிறுவும்போது வைஃபை வராது, வைஃபை இல்லாமல் மீதியை இறக்க முடியாது. 2022 இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அப்படித்தான். கொள்கைக்காரர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வைஃபையே வராத லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒருவர் கட்டற்ற மென்பொருள் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. டெபியன் 11 அல்லது அதற்கு முந்தையதை இன்னும் வைத்திருந்தால், அல்லது கொள்கையில் கறாரான வேறு பதிப்பைப் போட்டிருந்தால், ஃபர்ம்வேர் இல்லை என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வைஃபை இல்லாமல் வைஃபைக்கான கோப்பை எப்படி இறக்குவது? லேன் வயர் இருந்தால் அது. இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு செல்போனை யுஎஸ்பி வயரில் செருகி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். லினக்ஸ் அதை லேன் வயர் செருகியது போலவே எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. போனில் வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் அந்த இணைப்பையே லேப்டாப்புக்கும் கொடுக்கும், டேட்டா கரையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் புதிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கும் செலவு பலருக்கு மிச்சமாகியிருக்கும்.

ஃபர்ம்வேர் வரிகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 'ஃபெயில்டு' என்று கண்டதெல்லாம் நோய் இல்லை. சில டிரைவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிகப் புதிய எண்ணுள்ள ஃபர்ம்வேரை முதலில் கேட்கும், அது இல்லை என்றால் ஓர் எண் குறைத்துக் கேட்கும், அதுவும் இல்லை என்றால் இன்னும் குறைத்து. கடைசியில் ஒன்று கிடைத்து எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆனால் வழியில் கிடைக்காமல் போனவை எல்லாம் தோல்விச் செய்தியாகப் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் லேப்டாப்பைக் குடைபவர்களும் உண்டு. கீழே இன்னும் இரண்டு வரி படித்து, 'லோடட் ஃபர்ம்வேர்' என்று வருகிறதா பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் ஏறிவிட்டது, இன்னும் வைஃபை இல்லை. அப்போது ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கொடுத்துப் பாருங்கள். ரேடியோ சாதனங்களுக்கு லினக்ஸில் இரண்டு வகைப் பூட்டு உண்டு. 'சாஃப்ட் பிளாக்' என்பது மென்பொருள் போட்டது, கட்டளையால் திறக்கலாம். 'ஹார்ட் பிளாக்' என்பது லேப்டாப்பில் இருக்கும் சுவிட்ச் அல்லது விசை போட்டது, கட்டளைக்கு மசியாது. தொந்தரவு எங்கே என்றால், சுவிட்சே இல்லாத லேப்டாப்பிலும் ஹார்ட் பிளாக் என்று காட்டுவதுண்டு. லேப்டாப் கம்பெனியின் சிறப்பு விசைகளைக் கவனிக்கும் மாட்யூல் ஒன்று தனியாக இருக்கும். அது பயாஸ் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இல்லாத சுவிட்சை அணைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த மாட்யூலைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கர்னலோடு வரும் டிரைவர்களைப் பற்றி. வெளியிலிருந்து வருபவையும் இருக்கின்றன. சில யுஎஸ்பி வைஃபை டாங்கிள்கள், பழைய சில வைஃபை சில்லுகள், என்விடியா கிராபிக்ஸ். இவை கர்னலுக்கு வெளியே இருப்பதால், கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு தானாகச் செய்யும், அப்படிக் கட்டத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகள் நிறுவப்பட்டிருந்தால். 'நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட் போட்டேன், இன்று காணோம்' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஹெடர்களைத்தான். அவசரத்துக்கு ரீஸ்டார்ட் செய்து, பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய கர்னலில் நுழைந்துவிடலாம். பெரும்பாலான பதிப்புகளில் பழைய கர்னலை அப்டேட் உடனே அழித்துவிடுவதில்லை, இதற்காகத்தான்.

இதில் புதியவர்களை அதிகம் படுத்துவது செக்யூர் பூட். அது இயங்கும்போது, நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலை கர்னல் ஏற்றாது. பதிப்போடு வரும் மாட்யூல்களில் அவர்களே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் லேப்டாப்பிலேயே கட்டிய மாட்யூலுக்கு யார் போடுவது? அதற்காக லேப்டாப்பிலேயே ஒரு சாவி உருவாக்கி, நிறுவும்போது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கேட்பார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை வரும். எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று போட்டிருக்கும். பத்து விநாடிக்குள் ஏதாவது விசையைத் தட்டாவிட்டால் அது தானாகப் போய்விடும். தட்டி உள்ளே போய், 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் சாவி பதிவாகும். விண்டோஸிலிருந்து வந்தவர் நீலத் திரையைக் கண்டால் என்ன நினைப்பார்? லேப்டாப் செத்துவிட்டது என்று நினைத்து, 'கன்டினியூ பூட்' என்று தட்டிவிட்டு, நல்லவேளை பிழைத்தது என்று மூச்சு விடுவார். பிறகு மாட்யூல் ஏற மறுக்கும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்ற செய்தி மட்டும் வரும், அதற்கும் அந்த நீலத் திரைக்கும் சம்பந்தம் இருப்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இந்த இடத்தை வடிவமைத்தவர்கள் புதியவர் எவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் யோசனை சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் சாவியைப் பதிவது ஒரு முறை செய்கிற வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கிராபிக்ஸ் பற்றிச் சுருக்கமாக. இன்டெல், ஏஎம்டி என்றால் டிரைவர் கர்னலில் இருக்கிறது, எதையும் தொட வேண்டாம். என்விடியாவுக்கு, வெளியார் ஆராய்ந்து எழுதிய நூவோ என்ற டிரைவர் கர்னலில் உண்டு. கம்பெனியின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். 2022 மே மாதம் தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலை அந்த கம்பெனி திறந்து வெளியிட்டது. அதற்கு மேல் இருக்கும் பகுதிகள் மூடியவையாகவே இருக்கின்றன. நிறுவுவதாக இருந்தால் உங்கள் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற சாளரம் இதற்காகவே இருக்கிறது. கம்பெனி தளத்திலிருந்து நேரடியாக இறக்கி ஓட்டினால், அடுத்த கர்னல் அப்டேட்டின்போது அதை யார் திரும்பக் கட்டுவது என்ற கேள்வி உங்கள் தலையில் விழும்.

நிறுவும்போதே திரை கறுப்பாகிவிட்டால் கிரப்பில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் அது நிறுவி முடிக்கும் வரைக்கும்தான். அந்தச் சொல் கிராபிக்ஸ் டிரைவரைத் தன் வேலையைச் செய்யவிடாமல் நிறுத்துகிறது. அதை நிரந்தரமாக விட்டுவைத்தவர்களின் லேப்டாப்பில் திரை வெளிச்சம் மாறாது, இரண்டாவது மானிட்டர் வராது, வீடியோ ஓட்டினால் பிராசசர் கொதிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்வு தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அநேகமாக எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகிவிடும்.

இதோடு சேர்ந்ததுதான் கண்ட கட்டளையையும் ஒட்டும் பழக்கம். தேடினால் வரும் தீர்வுகளில் பல, பத்துப் பன்னிரண்டு வருடம் பழையவை. அன்று அது சரியான மருந்தாக இருந்திருக்கும். இடிசி கோப்புறைக்குள் மோட்ப்ரோப்-டி என்ற துணைக் கோப்புறை உண்டு. அங்கே ஒரு கோப்பில் 'பிளாக்லிஸ்ட்' என்று எழுதி மாட்யூல் பெயரைப் போட்டால், அந்த மாட்யூல் தானாக ஏறாது. பழைய தீர்வுகள் பலவும் இந்தக் கோப்புறையில் எதையாவது எழுதச் சொல்லும். அது பலிக்காமல் அடுத்த தீர்வுக்குப் போகும்போது முந்தையதை யாரும் அழிப்பதில்லை. ஒரு நண்பரின் லேப்டாப்பில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தபோது, வெவ்வேறு காலத்தில் ஒட்டியவை ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு கிடந்தன. ஒன்று ஒரு மாட்யூலைத் தடுத்தது, இன்னொன்று அதற்கே விருப்பங்கள் கொடுத்தது. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம், வைஃபை வந்துவிட்டது. கர்னல் எப்போதோ சரியாகியிருந்தது, வழியை மறித்தது பழைய மருந்துகள்தான். எந்தத் தீர்வை ஒட்டினாலும் எந்தக் கோப்பில் என்ன எழுதினேன் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கட்டளையின் பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று தெரியாமல் ஓட்டாதீர்கள்.

சவுண்டு வேறு மாதிரி. 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டினால், சவுண்டு கார்டு எதுவும் அமையவில்லை என்று பொருள். அண்மைக் கால இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஒலி, அதற்கென்றே இருக்கும் டிஎஸ்பி என்ற தனிப் பிராசசர் வழியாகப் போகிறது. அதற்கு 'சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பு வேண்டும். சில பதிப்புகளில் அது தானாக நிறுவப்படுவதில்லை. இங்கேயும் டிமெசேஜில் அதே மைனஸ் இரண்டைப் பார்க்கலாம். டிஎஸ்பியை ஒதுக்கிவிட்டுப் பழைய வழியில் ஓட்டும் விருப்பம் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் வந்துவிடும், ஆனால் அந்த டிஎஸ்பியோடு இணைந்த உள் மைக் போய்விடும். பிறகு 'மைக் வரவில்லை' என்று தனியாகத் தேட ஆரம்பிப்பார்கள். கார்டு தெரிந்தும் சத்தம் இல்லையென்றால் சத்த அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்து, அடியில் இரண்டு 'எம்' எழுத்து இருக்கும் கம்பத்தில் எம் விசையைத் தட்டுங்கள், அது மௌனமாக்கப்பட்டிருக்கிறது. அல்லது சத்தம் எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருக்கலாம்.

ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் விஷயம் கொஞ்சம் ஆழமானது. ஒரே சவுண்டு சில்லை ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வயரிங் செய்திருக்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் தனி ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பார்கள். இந்த வித்தியாசங்களை கர்னல் பெரிய பட்டியலாக வைத்திருக்கிறது. இந்த எண்ணுள்ள லேப்டாப் என்றால் இந்தத் திருத்தம் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. உங்கள் லேப்டாப் அதில் இல்லை என்றால், அதே தொடரில் வந்த பக்கத்து மாடலின் திருத்தத்தை மாட்யூல் விருப்பமாகக் கொடுத்துப் பார்க்கலாம். பலித்தால் அதைச் சம்பந்தப்பட்ட டெவலப்பர்களுக்குத் தெரிவியுங்கள். அந்த ஒரு வரி கர்னலில் சேர்ந்து, பிறகு வரும் அப்டேட்டில் அதே லேப்டாப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தானாகப் போய்ச் சேரும். நிரல் எழுதத் தெரியாதவர் தரும் தகவலால் கர்னலில் வரி ஏறும் இடங்களில் இதுவும் ஒன்று.

உதவி கேட்பதும் இதே மாதிரிதான். 'என் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, யுனேம் கட்டளை காட்டும் கர்னல் எண், சாதனத்தின் அந்த இரண்டு எண்கள், டிமெசேஜில் அந்த மாட்யூல் பேசிய வரிகள், இவ்வளவையும் எழுத்தாகவே ஒட்டிக் கொடுங்கள். திரையைப் போனில் சாய்வாகப் படம் பிடித்துப் போடாதீர்கள். பதில் சொல்ல நினைப்பவர் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிரதியெடுத்துத் தேட முடியாது. எண்ணைத் தேடிக் கிடைக்கும் பதிலின் தேதியையும் பாருங்கள், உங்கள் கர்னலைவிட அது எவ்வளவு பழையது என்று.

லேப்டாப்பை மூடினால் தூங்குவதும் திறந்தால் எழுவதும் இன்னமும் குளறுபடிதான். பயாஸ் எந்த வகைத் தூக்கத்தைத் தருகிறதோ அதைத்தான் லினக்ஸ் பயன்படுத்த முடியும். ஆழ்ந்த தூக்கத்தையே எடுத்துவிட்ட லேப்டாப்கள் இப்போது நிறைய. பையில் வைத்த லேப்டாப் சூடாகி பேட்டரி தீர்ந்து கிடந்தால் டிரைவரை மட்டும் சந்தேகிக்க வேண்டாம், பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி பல லேப்டாப்களுக்கு அதை லினக்ஸிலிருந்தே செய்துவிடும், விண்டோஸ் தேவையில்லை.

சிலவற்றுக்கு வழியே இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேமரா பெரும்பாலும் யுவிசி என்ற பொதுத் தரத்தில் இருப்பதால் செருகியதும் ஓடும். ஆனால் புதிய மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் யுஎஸ்பியை விட்டுவிட்டு வேறு வழியில் கேமராவை இணைக்கிறார்கள், அதற்கான ஆதரவு இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. கைரேகை சென்சார்களில், அவற்றுக்கான எல்ஐபிஎஃப்பிரின்ட் என்ற மென்பொருளின் பட்டியலில் எண் இருப்பவை மட்டும் ஓடும். என் லேப்டாப்பில் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எல்எஸ்யுஎஸ்பியில் எண் தெரிகிறது, அதற்கு டிரைவர் எழுத யாரும் இன்னும் வரவில்லை, நானும் அதைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கடவுச்சொல்லையே தட்டிக்கொண்டிருக்கிறேன்.